வறட்சி முடிந்த வீட்டில் தண்ணீர்க் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

2019 ஜூன் மாதத்தில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில் ஒரு விழுக்காடுகூட இருப்பு இல்லாமல் போனது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 கோடி லிட்டராக இருந்த சென்னையின் குழாய் வழங்கல் 52.5 கோடி லிட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று, நிவர் புயலையொட்டி, அதே செம்பரம்பாக்கத்தின் மதகுகளைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

ஏரிக்கு வறட்சி அத்துடன் முடிந்தது. வீட்டுக்கு அப்படி முடிவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), சுருங்கிப்போன ரப்பர் வாஷர், துருவேறிய குழாய், ஓடாமல் நின்ற மோட்டார் ஆகிய அனைத்தும் தண்ணீர் திரும்பி வரும் நாளில்தான் தங்கள் பழுதை வெளியே காட்டுகின்றன. காய்ந்த குழாய் கசியாது என்பதால், வறட்சிக் காலம் முழுவதும் அந்தப் பழுதுகள் மறைந்தே இருந்தன. தண்ணீர் வந்துவிட்ட மகிழ்ச்சியில் அவற்றைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த கோடையில் ஏரி வற்றுவதற்கு முன்பே நம் வீட்டுச் சம்ப் வற்றும். சென்னையில் ஒரு வறட்சியையும் அதற்குப் பிந்தைய மழைக்காலத்தையும் எட்டுக் குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் கழித்தவன் என்ற முறையில், பழுதுகள் தலைகாட்டும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

குழாயைத் திறந்ததும் காற்று சீறுகிறது. பிறகு செந்நிறத் தண்ணீர் வருகிறது

காற்று வருவது பழுதன்று. தெருக்குழாயில் தண்ணீர் இல்லாத நாள்களில் அதற்குள் காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வீட்டில் அடி பம்பு இருந்தால் முதலில் அதை அடித்து, அல்லது தரைத்தளக் குழாயைத் திறந்து, அந்தக் காற்றை வெளியேற்றிய பிறகே சம்புக்குப் போகும் வால்வைத் திறக்க வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். பிடித்தவுடனேயே செந்நிறமாக இருந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் பொடி படிந்து மேலே தெளிந்தால், அது குழாயின் உட்சுவரிலிருந்து பெயர்ந்த துருவும் வண்டலும் ஆகும். ஓரிரு நாள் வழங்கலில் சரியாகிவிடும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் மஞ்சளோ பழுப்போ படர்ந்தால், அது தண்ணீரில் கரைந்துள்ள இரும்பு காற்றுபட்டு மாறுவதால் ஏற்படுவது. பெரும்பாலும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் கலந்த தொட்டிகளில் இப்படி வரும், தானாகச் சரியாகாது. முதல் வகைக்குப் பொறுமையே போதும், இரண்டாவதற்கு இரும்பு நீக்கும் வடிகட்டி தேவைப்படலாம்.

முதல் இரண்டு மூன்று குடங்களைக் கீழே விட்டுவிடாமல் வாளியில் பிடித்துக் கழிவறைக்கோ வாசல் கழுவவோ வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தெளியும் வரை துணி துவைக்கும் இயந்திரத்தையும் ஆர்ஓ கருவியையும் இயக்க வேண்டாம். ஒரே நாளில் ஆர்ஓ வடிகட்டி அடைத்துக்கொண்டவர்கள் பலர். கீசரில் தண்ணீர் நிரம்பிச் சுடுநீர்க் குழாயில் சீராக வரும் வரை அதன் சுவிட்சைப் போடக் கூடாது. வெறும் கீசரில் சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துவிடும்.

தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. குழாயில் அழுத்தம் இல்லாதபோது, விரிசல் வழியாக வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது; தெருவில் யாரேனும் இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். வறட்சியில் எல்லாரும் உறிஞ்சினார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் நாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய வேண்டும். தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீரை நேரடியாக ஒரு பாத்திரத்திலும், சம்பிலிருந்து மொண்ட தண்ணீரை இன்னொரு பாத்திரத்திலும், மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை மூன்றாவதிலும் வைத்து முகர்ந்து பாருங்கள். மூன்றிலும் நாற்றம் இருந்தால் பழுது தெருவில்; குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டிலும் இதே நாற்றம் இருந்தால் அவர்களையும் தனியே புகார் செய்யச் சொல்வது நல்லது. தெருத் தண்ணீர் நன்றாக இருந்து சம்பில் மட்டும் நாற்றம் என்றால், பழுது நம்முடையதே. அதற்கான சோதனை அடுத்த பகுதியில் வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் மட்டும் என்றால், மூடி திறந்து கிடந்து பறவையோ பல்லியோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு முறை புறா விழுந்து கிடந்தது.

பிளீச்சிங் பவுடர் வாசனையைச் சாக்கடை நாற்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த வாசனை இலேசாக வருவது நல்ல அறிகுறியே.

காரணம் நீங்கிய பிறகு தொட்டியைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து, வண்டலை வடித்துவிட்டுத் தெளிநீரை மட்டும் ஊற்றி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் ஆகாது, தரை கழுவ ஆகும். இது 33 விழுக்காடு குளோரின் உள்ள புதிய பவுடருக்கான கணக்கு. கடையில் திறந்த மூட்டையில் ஆறு மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. அன்றாடப் பயன்பாட்டுக்கான தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும், கலந்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கழிவறை ஆசிட்டோடு இந்தப் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது; நச்சு வாயு கிளம்பும். தொட்டி சுத்தமாகும் வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இரவில் யாரும் தொடாமலேயே சம்ப் குறைகிறது, அல்லது கூடுகிறது

என் அனுபவத்தில், வறட்சிக்குப் பிந்தைய கோளாறுகளில் அதிகத் தண்ணீரைத் தின்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். எப்போதும் நனைந்திருக்க வேண்டிய சிமென்ட் பூச்சு மாதக்கணக்கில் காயும்போது மயிரிழை விரிசல் விடுகிறது. மடிப்பாக்கம், வேளச்சேரி போன்ற களிமண் பகுதிகளில் மண்ணும் சுருங்கி, சம்பின் சுவரைத் தாங்குவதை விட்டுவிடுகிறது.

சோதனை எளிது. இரவு பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தெருவிலிருந்து வரும் கேட் வால்வை இறுக மூடி, தண்ணீர் மட்டம் சுவரைத் தொடும் இடத்தில் சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள். காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் சம்பின் தரை 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 60 லிட்டர் போயிற்று என்று பொருள். முதல் இரவில் கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே நான்கு விரல்கடை தாராளமாக நுழைந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 7 சென்டிமீட்டர். எட்டு மணி நேரத்தில் 420 லிட்டர் மண்ணுக்குள் போயிருந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேருடைய ஒரு நாள் தண்ணீர் அது. லாரிக்காகத் தெருமுனையில் காத்து நின்ற எட்டுக் குடித்தனங்களும் அதைக் கேட்டுப் பேச்சற்று நின்றோம்.

மட்டம் இறங்கியிருந்தால், அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விரிசலின் உயரத்துக்கு வந்ததும் கசிவு நின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று நாள் நிரப்பாமல் விட்டால் தண்ணீரே விரிசலின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் குழாய் சுவரைத் துளைத்து நுழையும் இடமோ, தரையும் சுவரும் சேரும் மூலையோதான் குற்றவாளி. அந்த இடத்தைக் கொத்தி, நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்த சிமென்டால் பூசி, ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காயவிட்டால் பூச்சே மறுபடியும் வெடிக்கும்.

வால்வை மூடியிருந்தும் மட்டம் உயர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மழைக்குப் பின் நிலத்தடி நீர் சம்பின் தரைக்கு மேலே ஏறி, வறட்சியில் விட்ட அதே விரிசல் வழியாக உள்ளே வருகிறது. அருகில் சாக்கடைத் தொட்டியோ செப்டிக் டேங்கோ இருந்தால் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடனே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்த வேண்டும். ஆனால் கழுவுகிறேன் என்று நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நாளில் சம்பை முழுவதும் காலி செய்வதும் ஆபத்து: வெளியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் அழுத்தத்துக்கு ஈடாக உள்ளே எடை இல்லாமல் போனால் தரை உப்பி உடையும். மழை ஓய்ந்து மட்டம் இறங்கும் வரை காத்திருந்து காலி செய்யலாம்.

நீண்ட நாள் மூடிக் கிடந்த சம்புக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, மின்விசிறியால் காற்றைச் செலுத்தி, இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற உடனே குதிப்பவரும் மயங்குவார்.

மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்பவில்லை

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனால் உடனே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து விட்டால் காயில் கருகும். மெயின் சுவிட்சை அணைத்து, பின்புற விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் பிளம்பர் சொல்வதுபோல், "துருவுல ஒட்டிக்கிட்டிருக்கும் சார், கையால நாலு சுத்து சுத்துனா விட்டுடும்." நன்றாகச் சுற்றியும் ஓடாவிட்டால், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டர் போயிருக்கும், அது மலிவான பொருள். மோட்டாரையே மாற்றச் சொல்பவரிடம் முதலில் அதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டார் நன்றாக ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் ஃபுட் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் அடியிலுள்ள அந்த வால்வின் வாஷர் காய்ந்து சுருங்கினால், ஊற்றிய தண்ணீர் குழாயில் நிற்காமல் சம்புக்கே இறங்கிவிடும். பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி, பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் வாஷர். இறங்காவிட்டால் உறிஞ்சுகுழாயின் இணைப்பு எங்கோ காற்று இழுக்கிறது.

நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காமல் வழிந்தால் மேல்தொட்டியின் பால் வால்வில் (மிதவை வால்வு) உப்புப் படிந்து அதன் கை இறுகியிருக்கிறது. கழற்றி வினிகரில் ஊற வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

போர் தண்ணீர் கலங்கலாக வருகிறது, பத்து நிமிடத்தில் நிற்கிறது, அல்லது உப்புக் கரிக்கிறது

மழை பெய்த மறுவாரமே போர் நிறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. மேல்மண்ணிலுள்ள திறந்த கிணறுகள் முதலில் ஊறும். பாறை வெடிப்புகளை நம்பியிருக்கும் ஆழமான போர்களுக்கு மாதங்கள் ஆகலாம். பத்து நிமிடம் ஓடி நிற்கும் போரைத் தொடர்ந்து ஓட்டினால் நீர்மூழ்கி மோட்டார் வறண்டு ஓடிக் கெடும். நாளுக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் ஓட்டுவதே சரி. கலங்கலில் மணல் நறநறத்தால், வறட்சியில் மோட்டாரை இறக்கிய ஆழத்திலேயே அது நிற்பதால் அடிமண்டியை இழுக்கிறது. நீர்மட்டம் உயர்ந்தபின் சில குழாய்களைக் கழற்றி மேலே தூக்கி மாட்டச் சொல்லுங்கள்.

திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோர மணற்பகுதியில் வசிப்பவர்களுக்கு உப்புதான் பெரிய கவலை. அங்கே மழைநீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது: கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும், அந்த ஓரடியை உறிஞ்சினால் கீழிருந்து உப்புநீர் அதே விகிதத்தில் ஏறும். ஆகவே ஆழப்படுத்துவது இந்த நோய்க்கு மருந்தன்று, நோயே அதுதான். மேலாகவுள்ள கிணற்றிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவால் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் நன்று. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லி கிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை.

பழுது எதுவும் தெரியவில்லை. ஆனால் தொட்டி சீக்கிரம் காலியாகிறது

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவழித்தாலும் கட்டணம் ஒன்றே. ஆகவே மோட்டார் ஓடும் நிமிடங்களையே மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டால், சுவிட்சுப் பலகையருகே ஒரு நாள்காட்டியில் நிமிடங்களைக் குறிப்பதே போதும். வறட்சியில் 20 நிமிடம் ஓடிய மோட்டார் இப்போது 45 நிமிடம் ஓடினால், வித்தியாசம் கசிவா பழக்கமா என்று பிரிக்க வேண்டும்.

முதலில் ஃபிளஷ் டேங்கைப் பாருங்கள். படுக்கப் போகும் முன் அதில் ஒரு மூடி சொட்டு நீலம் ஊற்றி, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கோப்பைக்குள் நீலம் எட்டிப் பார்த்தால் அடி ரப்பர் காய்ந்து வளைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 100 மில்லி லிட்டர் மட்டும் சத்தமில்லாமல் வழிந்தாலும் நாளுக்கு 144 லிட்டர். இதற்கு மாறாக, நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாள் முழுவதும் சொட்டியும் அதைவிட மிகக் குறைவாகத்தான் வீணாக்கும். சொட்டும் குழாயைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் சொட்டோடு மல்லுக்கட்டிவிட்டுத் தெரியாத ஓட்டையை விட்டுவிடுகிறோம் என்கிறேன்.

கசிவு இல்லை என்றால் பழக்கம்தான். ஷவர் நிமிடத்துக்கு எவ்வளவு விடுகிறது என்பதை வாளியால் அளந்து பாருங்கள். 10 லிட்டர் விடும் ஷவரின் கீழ் எட்டு நிமிடம் நிற்பது நான்கு வாளிக்குச் சமம், வறட்சியில் நாம் ஒரு வாளியில் குளித்தோம். ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டர் வரை தள்ளிவிடுவது வழக்கம். அந்தக் குழாயை வறட்சியில் வாளிக்குத் திருப்பியவர்கள் மழை வந்ததும் மறுபடி சிங்க்குக்கே திருப்பிவிட்டார்கள். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது நன்றாகவே ஆகும். உப்பு கூடுதலாக இருப்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

டிரம்களும் குடங்களும் மிச்சமிருக்கின்றன, வீட்டில் பகலில் கொசு கடிக்கிறது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் நனைந்தவுடன் பொரியும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வைத்துக்கொள்ளும் டிரம்மை வாரம் ஒருமுறை தேய்த்து மூடி வையுங்கள், தேவையில்லாததைக் கொடுத்துவிடுங்கள்.

மழை பெய்கிறது, ஆனால் மழைநீர்க் குழியில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கட்டிய குழிகள் பல, அதன்பின் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மில்லி மீட்டர் மழை 93 லிட்டர். ஆண்டுக்கு 1,400 மில்லி மீட்டர் பெய்து ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும்.

நான்கு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி நேரம் பாருங்கள். மணற்பாங்கான இடத்தில் சில நிமிடங்களில் மறைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால் மேல் மணலில் வண்டல் அடைத்திருக்கிறது. கூழாங்கல்லையும் செங்கல் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவி, மேல்மணலைப் புதிதாக மாற்றினால் பெரும்பாலான குழிகள் உயிர்பெறும். களிமண் பகுதியில் அப்படிச் செய்தும் இறங்காவிட்டால், குழியின் நடுவில் களிமண் அடுக்கைத் தாண்டி ஒரு துளைக்குழாய் இறக்க வேண்டும். வற்றிப்போன பழைய திறந்த கிணறு இருந்தால் அதை மூடிவிடாதீர்கள், அதைவிடச் சிறந்த குழி எந்தக் காசுக்கும் கிடைக்காது. பயன்பாட்டிலுள்ள போருக்குள் வடிகட்டியில்லாமல் மாடிக் குழாயை நேராக இறக்கவும் கூடாது. மாடியைப் பெருக்கி, பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து குழிக்குத் திருப்புங்கள்; முதல் மழையை வெளியே விடும் குழாயின் மூடியைக் கழற்றி மாட்டும் பொறுப்பு எந்தக் குடித்தனத்துக்கு என்பதை ஐப்பசிக்கு முன்பே முடிவு செய்துவிட்டால், அடைமழையில் மாடிப்படியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.